லேபிள் உரித்த நீலக் கேன்கள்

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பது எவ்வளவு கேவலமான வேலை என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேட்கலாம். நான் இருபத்தாறு வாசலில் நின்றிருக்கிறேன்.

முதல் வாசல் பாம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் சொர்ணம்மாக்காவின் இட்லிக் கடை. சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறி, தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு போய் இறங்கினேன். அக்கா கடைக்கு வெளியே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல நிறத்தில், அகன்ற வாயும் திருகு மூடியுமாக, நான் கொடுத்த இருபது லிட்டர் கேன் நிறையத் தண்ணீரோடு இருந்தது.

"அக்கா, அந்த கேன் எனக்கு வேணும்."

"எதுக்கு? வேற எவளுக்காச்சும் குடுக்கவா?"

"இல்லக்கா. அதுல தண்ணி வெச்சுக் குடிக்கக்கூடாது. முன்ன அதுல இருந்த சாமான் நல்லதில்ல. உடம்புக்கு ஆகாது."

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஆறு வருஷமா இந்தத் தண்ணியிலதான் மாவு ஆட்டுறேன். ஜெட்டில வேல பாக்குற பாதிப் பேரு இங்கதான் திங்கிறான். க்யா பாய், இப்ப வந்து சொல்ற?"

"எனக்கே இப்பதான் தெரியும்."

"தெரியாமலா இத்தன பேருக்குக் குடுத்த?"

அக்கா கேனை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு என் காலடியில் போட்டாள். மூன்று நாளைக்கு ஒருமுறை வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர். இனிமேல் இந்தப் பக்கம் இட்லி தின்ன வராதே என்று வேறு சொல்லி அனுப்பினாள். நான் கேனைக் கயிற்றில் கோத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தேன்.

என் பெயர் ஜெயமணி. தீயணைப்பில் லீடிங் ஃபயர்மேன், இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. அப்பா ராமநாதபுரத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்தவர். நான் இந்தத் தீவிலேயே பிறந்தவன், மெயின்லேண்டுக்குப் போனால் மூன்றாம் நாளே திரும்பக் கப்பல் எப்போது என்று கேட்பவன்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீரால் பயனில்லை. ஒரு கரைசலைத் தண்ணீரில் கலந்து நுரையாக்கி, எரியும் எண்ணெய்மேல் போர்த்த வேண்டும். ஃபோம் என்போம். அது வரும் கேன்தான் அந்த நீலக் கேன். பயிற்சிக்கும் அதுதான், கிடங்குத் தீக்கும் அதுதான். முழங்கை வரை நனைந்திருக்கிறோம், வாயில் பட்டால் துப்பியிருக்கிறோம், மிச்சத்தை வீணாக்காமல் வண்டியையும் தரையையும் கழுவியிருக்கிறோம். சோப்பைவிட நன்றாக அழுக்குப் போகும். ஒருநாள் ராக்கப்பன் தலைக்கே தேய்த்துக் குளித்தான். அவன் எங்கள் டிரைவர், முடி பட்டுப்போல வந்தது என்று இரண்டு நாள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

மார்ச், ஏப்ரலில் எங்கள் பக்கம் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அந்த நாட்களில் ஒழுகாத, மூடி போட்ட கேனுக்கு இருக்கும் மரியாதை தங்கத்துக்குக் கிடையாது. அதனால் ஃபயர்மேன் வீட்டுச் சொந்தத்தில் கல்யாணம், புதுவீடு என்றால் மொய்யோடு ஒரு நீலக் கேனும் போகும். நான் கொடுக்கும் கேனுக்குத் தனி மதிப்பு உண்டு. கடல் தண்ணீரில் மூன்று முறை அலசி, சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி, இரண்டு நாள் வெயிலில் வைப்பேன். பிறகு லேபிளை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து, சவர பிளேடால் ஒரு துணுக்குக் காகிதம்கூட மிஞ்சாமல் சுரண்டி எடுப்பேன். கடையில் வாங்கியதுபோல இருக்கும். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

எங்களோடு வேலை பார்த்த வெங்கடேஷ் மட்டும் சோம்பேறி. லேபிளோடு அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான், மேலே மார்க்கரில் தன் பெயரை வேறு கிறுக்கிவைப்பான். "இவனுக்கு எதுலயும் நறுவிசு கிடையாது" என்று நாங்கள் ஓட்டாத ஓட்டு இல்லை.

போன வருடம் அவனுக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தது. மெயின்லேண்டில் சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். அங்கே ஒரு டாக்டர், என்ன வேலை, எந்த நுரை, எத்தனை வருடம் என்று தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார். இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, இதனால் வரவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது என்றாராம். வெங்கடேஷ் திரும்பி வந்ததும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னான்.

"மணி, நுரை அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுது. உள்ள இருக்குற கெமிக்கல் அடங்காதாம்டா. மண்ணுல போனாலும் அழியாது, தண்ணியில போனாலும் அழியாது. ரத்தத்துல வருஷக்கணக்கா உக்காந்திருக்குமாம். நம்ம எல்லாருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு வந்துட்டுதுன்னு ஊரையே பயமுறுத்தாத." இதைத்தான் சொன்னேன். எங்கள் ஷிஃப்டில் நாலு பேர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறோம், அதில் நானும் ஒருவன். அப்படியும் சொன்னேன். தை மாதம் அவன் செத்துப்போனான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

மாசியில் கப்பலில் புது ஸ்டாக் வந்தது. வண்டித் தொட்டியை நிரப்பியதில் இரண்டு கேன் காலி. வழக்கம்போல மண்ணெண்ணெய்த் துணியும் பிளேடுமாக உட்கார்ந்தேன். என்னவோ, அன்றைக்குச் சுரண்டும் முன் படித்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறை. இங்கிலீஷிலும் கீழே ஹிந்தியிலும் போட்டிருந்தது: காலியான கேனை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். குடிநீரோ உணவோ வைக்காதீர்கள். எழுத்து எறும்பு அளவுதான் இருந்தது. ஆனால் இருந்தது. பிளேடு என் கையில் இருந்தது.

என் மகள் ப்ரியங்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

சௌல்தாரியில் அவள் மாமியார் வீடு. அதை நான் வாசல் கணக்கில் சேர்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் முன் ஓடியது அங்கேதான். பாக்கு, வாழை, கொஞ்சம் கத்தரி. கல்யாணத்துக்கு நான் கொடுத்தது இரண்டு கேன், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது. சமையலறையில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. ராத்திரி தாகமெடுத்தால் எழுந்து போக வேண்டாமே என்று மாப்பிள்ளைதான் அங்கே வைத்தாராம். அதைப் பார்த்ததும் இரண்டையும் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் கொட்டப் போனேன். அப்புறம்தான் மண்ணிலும் அது அழியாது என்பது ஞாபகம் வந்தது. கேனும் கையுமாகக் கத்தரிச் செடிக்கு நடுவே, கொட்டவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன்.

ப்ரியங்கா பின்னாலேயே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் மகள், அழவில்லை.

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமாப்பா?"

"தெரியாதும்மா. ஆகும்னு யாரும் சொல்லல. ஆகாதுன்னும் யாரும் சொல்லல."

"சரி. என் கேன எடுத்துட்டீங்க. ஏப்ரல் பதினாலு என்ன பண்ணப் போறீங்க?"

ஏப்ரல் பதினான்கு தீயணைப்பு நாள். ஊரே தமிழ்ப் புத்தாண்டுப் பாயசம் குடிக்கும்போது நாங்கள் யூனிஃபார்ம் போட்டு மைதானத்தில் நிற்போம். அதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் ஃபோம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கடைசியில் மைதானம் முழுக்க இடுப்பளவு நுரையை அடிப்போம். பிள்ளைகள் அதில் விழுந்து புரண்டு ஒருவர்மேல் ஒருவர் வாரி எறிந்து விளையாடும். ப்ரியங்காவே ஏழு வருடம் அதில் புரண்டிருக்கிறாள். தலையில் நுரைக் கிரீடத்தோடு அவள் நிற்கும் போட்டோ இன்னும் எங்கள் வீட்டு டிவிமேல் இருக்கிறது.

"ஆபீசர்கிட்ட பேசுறேன்" என்றேன்.

"பேசுங்க. கேக்கலன்னா?"

ஸ்டேஷன் ஆபீசர் சிவப்பிரகாசம் கெட்டவர் இல்லை. மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. வெங்கடேஷைக் கப்பல் ஏற்றும்போது அவன் பெட்டியைத் தானே தூக்கியவர். இருபத்தைந்து வாசல் ஏறி இறங்கிய பிறகு அவரிடம் போய் லேபிளைக் காட்டி, கேன்களைத் திரும்ப வாங்கியதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். அதன் பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன் விரித்தார்.

"இது யார் போட்ட கையெழுத்து, ஜெயமணி?"

என்னுடையதுதான். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் போடும் சான்று. காலி கேன்கள் அனைத்தும் என் முன்னிலையில் நசுக்கப்பட்டு அழிக்கப்பட்டன. பதினோரு வருடச் சான்று, பதினோரு கையெழுத்து. எல்லா ஸ்டேஷனிலும் நடக்கிற சங்கதி, யாரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது.

"ரிக்கார்டுப்படி ஒரு கேன்கூட வெளிய போகல. போயிருக்குன்னு நீங்க வாயத் தொறந்தா, மொதல்ல உள்ள போறது நீங்க. பொய்ச் சான்று. பதினாலு மாசம் இருக்கு, பென்ஷன் போயிடும். கேனையெல்லாம் சத்தமில்லாம வாங்கிட்டீங்கல்ல, ஜானே தோ, விட்டுடுங்க. அடுத்த வருஷம் வேற ஃபோம் கேட்டு எழுதுவோம்."

"பதினாலாந்தேதி, சார்?"

"பெரிய இடத்திலருந்து ஆள் வர்றாங்க. புரோகிராம் அடிச்சாச்சு. ஒரு நாள் நுரைல ஒண்ணும் ஆகாது. அதோட, இந்த வார்னிங் புது ஸ்டாக்லதான் இருக்கு. பழைய கேன்ல இப்படி எதுவும் கிடையாது. இருந்தா காட்டுங்க, நானே நிறுத்துறேன்."

காட்டுவதா? நாற்பது கேன் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. நாற்பதையும் என் கையாலேயே கண்ணாடி மாதிரி சுரண்டியிருந்தேன். எனக்கு எதிராக நானே இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது, சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

லேபிளோடு இருக்கக்கூடிய கேன் ஒன்றே ஒன்றுதான். நேராக வெங்கடேஷ் வீட்டுக்குப் போனேன். அது என் இருபத்தாறாவது வாசல். அவன் மனைவி பவானி கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"அவரு மெயின்லேண்டிலருந்து வந்தன்னிக்கே அதக் கவுத்து மூலையில வெச்சாரு. அவரு பேரு எழுதியிருக்கு. குடுக்க மாட்டேன்."

"ஒரு தடவ பாத்துட்டுத் தரேன், பவானி."

"சாகுற மனுஷன் கூப்பிட்டுச் சொன்னப்ப, ஊர பயமுறுத்தாதன்னு சொன்னீங்களேண்ணே. நான் உள்ளதான் இருந்தேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்யதையும் இல்லை. ஆனால் அந்தக் கதவு முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று தீர்மானமானது. லேபிள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த மைதானத்தில் என் கையால் நுரை விழாது. பென்ஷனைக் காப்பாற்றிக்கொண்டு, டிவிமேல் இருக்கும் போட்டோவை எப்படிப் பார்ப்பேன்? என் வீட்டுக்காரி செல்லத்திடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு, "சோறு தண்ணிக்கு நான் பாத்துக்கறேன். நீங்க பாதியில வாயை மூடிட்டு வந்தா மட்டும் வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றாள்.

பதினான்காம் தேதி காலை பத்து மணி. பந்தலில் விருந்தாளிகள், கயிற்றுக்குப் பின்னால் இருநூறு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அப்பா அம்மாக்கள். ஏணி ஏறுவது, கயிற்றில் இறங்குவது எல்லாம் முடிந்தது. பிள்ளைகள் "ஃபோம்! ஃபோம்!" என்று கத்த ஆரம்பித்தன. கடலிலிருந்து தண்ணீர் எடுக்க பம்பை ராக்கப்பன் ஓட்டிக்கொண்டிருந்தான். கரைசலை உறிஞ்சும் குழாயைக் கேனுக்குள் விட வேண்டியது என் வேலை. நான் அதைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சிவப்பிரகாசம் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "குழாயப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"இது ஆர்டர்."

"எழுதிக் குடுங்க. இந்த நுரையில பிள்ளைங்கள எறக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பதினோரு கையெழுத்துப் போட்டிருக்கேன், நீங்க ஒண்ணு போடுங்க."

அவர் ராக்கப்பனைப் பார்த்து, நீ போடு என்றார். ராக்கப்பன் பம்பை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். "சாப், நான் அதுல தலைக்கே குளிச்சவன். இனிமே தொட மாட்டேன்." இதுவரை அவன் ஒரு ஆபீசரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

நான் வண்டிக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். நாற்பது கேன் வெயிலில் நீலமாகப் பளபளத்தன. தங்கள் வீட்டில் இருந்த கேனை அடையாளம் தெரியாதவர்கள் அங்கே குறைவு. மைக் பிடித்திருந்த பையனிடமிருந்து மைக்கை வாங்கினேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் அன்றைக்கு வந்தது.

"நான் ஜெயமணி. இந்த கேனெல்லாம் நசுக்கி அழிச்சாச்சுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது பொய். நான்தான் உங்க வீட்டுக்குக் குடுத்தேன். என் மகளுக்கும் குடுத்தேன், அவ அஞ்சு மாசம் கர்ப்பமா இதுல தண்ணி குடிச்சா. இதுல இருந்தது அழியாத சரக்கு. வெங்கடேஷ் சொன்னான், நான் கேக்கல. இன்னும் யாரு வீட்டுலயாவது இருந்தா, அதுல தண்ணி வெக்காதீங்க, எங்கிட்ட குடுங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும் ரத்தம் டெஸ்ட் எடுக்கணும். அது வரைக்கும் நான் இந்த நுரைய எந்தப் பிள்ளமேலயும் அடிக்க மாட்டேன். யாரையும் அடிக்கவும் விட மாட்டேன்." பக்கத்தில் நின்ற வங்காளிகளுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் புரிய வேண்டுமே என்று ஹிந்தியிலும் மறுபடி சொன்னேன்.

பந்தலிலிருந்து பெரிய விருந்தாளி என்னவென்று கேட்டார். சிவப்பிரகாசம் ஓடிப்போய்க் கை கட்டி நின்று, பழைய கேன்களில் எந்த எச்சரிக்கையும் இருந்ததில்லை, இந்த ஆள் தேவையில்லாமல் பீதியைக் கிளப்புகிறான் என்றார். பந்தலில் இருந்த மைக்கும் திறந்திருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

அப்போது கயிற்றைத் தூக்கிக் குனிந்து பவானி உள்ளே வந்தாள். இடுப்பில் குடம்போல ஒரு நீலக் கேன். தூசியும் அழுக்குமாக, பக்கவாட்டில் மார்க்கரில் கோணல்மாணலாக 'வெங்கடேஷ்'. அதற்குக் கீழே மஞ்சள் பூத்து, ஓரம் சுருண்டு, ஆனால் முழுசாக லேபிள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பந்தலுக்குப் போய் விருந்தாளியின் மேசைமேல், பூச்செண்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"பதிமூணு வருஷத்துக்கு முந்தி வந்த கேன். தேதி போட்டிருக்கு. படிங்க" என்றாள்.

அவர் படித்தார். சிவப்பிரகாசமும் குனிந்து படித்தார். அதே வரிகள், அதே எறும்பு எழுத்து. வெங்கடேஷின் சோம்பேறித்தனம் ஒன்றுதான் எங்கள் ஸ்டேஷனிலேயே உருப்படியான வேலை பார்த்திருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. அவனிடம் இதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

பிள்ளைகள் பாவம், முகத்தைத் தொங்கப் போட்டன. நான் ராக்கப்பனிடம் கண்ணைக் காட்டினேன். அவன் பம்பைப் போட, வெறும் கடல் தண்ணீரை வானத்துக்கு அடித்தேன். உப்பு மழையில் இருநூறு பிள்ளைகளும் குதித்தன. பவானி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் வந்து, "கேன் எனக்குத் திரும்பி வரணும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே நுரை கேன்களை அறையில் வைத்துப் பூட்டி சீல் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு மெயின்லேண்டுக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் நான் எழுதுவேன், பதில் வரும்வரை எழுதுவேன். மறுநாள் ஸ்டேஷன் வாசலில் இன்னும் பத்தொன்பது கேன் வந்து கிடந்தன. எங்கள் ஆட்களே அவரவர் கொடுத்ததைத் திருப்பி வாங்கி வந்தவை. ப்ரியங்காவுக்கு மாப்பிள்ளை இரண்டு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். குழந்தை நன்றாக உதைக்கிறதாம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு விசாரணை உண்டு. அது முடியும்வரை வேறு தீவில் இருக்கும் ஹட் பே ஸ்டேஷனுக்கு மாற்றல். ஆர்டரைக் கொடுக்கும்போது சிவப்பிரகாசம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினாலு மாசம் சும்மா இருந்திருக்கலாம், ஜெயமணி."

"சார், ஹட் பே ஸ்டேஷன்லயும் நீலக் கேன்தானே?"

எனக்குப் பதில் தெரியும். அங்கேயும் தண்ணீர்க் கஷ்டம் உண்டு, கல்யாணம் உண்டு, என்னைப்போல நறுவிசான ஃபயர்மேன்களும் இருப்பார்கள். கப்பலுக்குப் போகும் வழியில் கடையில் நின்று கயிறு வாங்கினேன். பழையதைவிட நீளமான கயிறு.